எண்ணெய் தேய்த்த நாளில் தூங்கக் கூடாது

1

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலையைச் சொன்னால் புரிவதில்லை. சிங்கப்பூரில் தங்கக் கம்பி ஒட்டுகிறேன் என்று அக்காவுக்கு எழுதினேன். கம்மல் செய்கிற கடையா என்று கேட்டு எழுதினாள். இல்லை. ரேடியோ, கால்குலேட்டர் இதற்கெல்லாம் உள்ளே ஒரு சின்னச் சில்லு இருக்கும். அதில் கம்பி ஒட்ட வேண்டும். கம்பி தங்கம்தான். தலைமுடியை விட மெலிசு. மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால்தான் தெரியும். ஷிஃப்ட் முழுக்கக் கண் அதில்தான்.

நான் படித்தது ஐந்தாவது. திருவண்ணாமலையில் பே கோபுரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அப்பா ஜட்கா ஓட்டினார். என் பெயர் உண்ணாமலை. இங்கே பேட்ஜில் அவ்வளவு இடம் இல்லை என்று ‘உன்னா’ என்று நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி இங்கே வந்து இந்த ஆனி மாதத்தோடு பதினோரு வருடம் ஆகிறது.

போன மாதம் ஒரு நாள் கம்பி இரண்டாகத் தெரிந்தது. லென்ஸைத் துடைத்தேன். அப்போதும் இரண்டு. கண்ணை மூடித் திறந்தேன். ஒன்றானது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இரண்டு. எது நிஜம் என்று நிதானித்து நிதானித்து ஒட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே நோட்டீஸ் ஒட்டினார்கள். சனிக்கிழமை காலை எங்கள் லைனுக்குக் கண் பரிசோதனை. தேறாதவர்கள் கீழே பேக்கிங் பகுதிக்குப் போக வேண்டும்.

பேக்கிங் ஒன்றும் மோசமான வேலை இல்லை. அட்டைப்பெட்டியை மடிக்க வேண்டும், தூக்கி அடுக்க வேண்டும். அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. ஆனால் பேக்கிங்கில் எப்போதும் இரவு ஷிஃப்ட்தான். இப்போது எனக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவு வாரத்தில் காலையில் வந்து படுப்பேன். என் மகள் கவிதாவுக்கு மதியப் பள்ளி. அவள் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அவள் சாயங்காலம் திரும்பும்போது நான் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போயிருப்பேன். பகல் வாரத்தில்தான் அவளைப் பார்க்கிறேன். அதுவும் போனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பார்த்துக்கொள்ளவே மாட்டோம்.

ஏற்கெனவே பத்து வயதுக்குள் அவளுக்கு என்னிடம் பேசப் பாதி வார்த்தை கிடைப்பதில்லை. மீதியை இங்கிலீஷில் சொல்கிறாள். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்தால், “நெவர்மைண்ட்மா” என்று எழுந்து போய்விடுகிறாள். அவளிடமிருந்து நான் நன்றாகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் அது ஒன்றுதான்.

2

வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை செய்கிறார். இங்கேயே பிறந்தவர். அவர் அப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தவர். அதனால் பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சுதான். நடுவில் ஒரு ‘லா’ வரும்.

“கண்ணு எரியுதுங்க. ஒண்ணு ரெண்டா தெரியுது” என்றேன். அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

“சூடு லா. ராத்திரி முழிப்பு, ஏசி, எல்லாம் சூடு. எண்ணெ தேச்சிக் குளிச்சி எவ்ளோ நாளாச்சி?”

யோசித்துப் பார்த்தேன். கவிதாவைப் பெற ஊருக்குப் போனபோது அம்மா தலைக்கு ஊற்றியது கடைசி.

“பத்து வருஷம் ஆச்சிங்க.”

“அய்ய! பத்து வருஷத்து சூட்ட மண்டையில வெச்சிக்கினு கம்பி ரெண்டா தெரியுதுன்றியே. எனக்கா இருந்தா நாலா தெரியும்.”

அப்போதுதான் முடிவு செய்தோம். பரிசோதனைக்கு முந்தின நாள் முழுக்க வீட்டில் ஓய்வு. காலையில் எண்ணெய், சீயக்காய், வெந்நீர். மதியம் மிளகு ரசம், கொஞ்சம் சோறு. துணி துவைப்பது இல்லை, மார்க்கெட் இல்லை, டிவி இல்லை. எனக்கென்று ஒரு நாளைத் திட்டம் போட்டது அதுதான் முதல் தடவை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டே மனசுக்குள் அதை அடுக்கிக்கொண்டிருந்தேன். அதுவே கொஞ்சம் சுகமாக இருந்தது.

பெண்கள் எண்ணெய் தேய்க்கச் செவ்வாய், வெள்ளிதான். கம்பெனி விடுமுறையோ ஞாயிறு. ஞாயிறு ஆகாது. அது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. லீவு கேட்டுத்தான் ஆக வேண்டும்.

லீவுத் தாளில் காரணம் போட இடம் இருந்தது. நோய், திருமணம், மரணம், மற்றவை. வீட்டுக்காரர் காய்ச்சல் என்று போடச் சொன்னார். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு கேட்பார்கள். நான் ‘மற்றவை’யில் டிக் போட்டுவிட்டு எங்கள் சூப்பர்வைசர் மிஸ் லிம்மிடம் போனேன். சீனப் பெண். நல்லவள், ஆனால் வாய் ஜாஸ்தி. அவள் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியும். என் இங்கிலீஷ் அவளுக்குக் கால்வாசி.

“வாட் அதர்ஸ்? பார்ட்டி ஆ?”

“நோ பார்ட்டி. ஹெட் வாஷ்.”

“ஹெட் வாஷ்? ஒன் டே?”

“ஒன் டே. ஆயில், ஹாட் வாட்டர், ரெஸ்ட்.”

“ஐயோ, உன்னா. யு வாஷிங் எலிஃபன்ட் ஆ?”

லைன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, சனிக்கிழமை பரிசோதனை இருக்கிறது, தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். என் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிவந்திருந்தது அவளுக்கும் தெரிந்திருக்கும். ஃபெயில் ஆனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

3

திருவண்ணாமலையில் நாங்கள் நான்கு பெண்கள். வெள்ளிக்கிழமை விடியும்போதே அம்மா மல்லாட்டைத் தொட்டியைப் போட்டு அண்டாவில் வெந்நீர் காய்ச்சுவாள். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, தொட்டி அதன் ஓடு. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உடைத்த தொட்டிதான் எங்களுக்கு விறகு.

பெரியவளிலிருந்து வரிசையாக உட்கார வேண்டும். உச்சியில் எண்ணெய் வைத்து அம்மா தட்டுகிற தட்டில் பல் ஆடும். “கண்ண மூடுடி” என்பாள். மூடுவதற்குள் சீயக்காய் உள்ளே போயிருக்கும். “மூடுன்னா மூட மாட்டா, அப்புறம் எரியுதுன்னு குதிப்பா. இவள எந்த ஊருக்குக் கட்டிக் குடுக்கறது!” என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்வாள். கடைசியில்தான் அவள் குளியல். அதற்குள் அண்டாவில் அடித் தண்ணீர்தான் இருக்கும், அதுவும் ஆறிப்போய்.

குளித்து முடித்தால் ஒரு கட்டளை. பகலில் தூங்கக் கூடாது. தூங்கினால் இறங்கின சூடு திரும்ப ஏறும், கண் சிவக்கும், முகம் வீங்கும். சோறு தின்றதும் கண் சொருகும். அதனால் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு சந்தில் உட்கார்ந்துவிடுவோம். அங்கே தூங்குவது கஷ்டம். மலை சுற்றுகிறவர்கள் வழி தெரியாமல் சந்துக்குள் வந்து கேட்பார்கள். ஜட்காக் குதிரை மூக்கைச் சீறும். கீழ்பென்னாத்தூர் பஸ் ஹாரன் அடிக்கும். எதிர்வீட்டு அம்மா ஒருத்தி விடாமல் கேட்பாள்: “இன்னாடி, தல முழுவினிங்களா? யாருக்கு முடி ஜாஸ்தி, காட்டுங்க பாப்போம்.”

அதை ஓய்வு நாள் என்று யாரும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான்.

4

இங்கே சீயக்காய் கையில் இருந்தது. அம்மா அரைத்து, ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. விமான நிலையத்தில் பொட்டலத்தைப் பிரித்து இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். தலைக்குப் போடுவது என்று அவர் சொல்ல, அதிகாரி மோந்து பார்த்துவிட்டு விடாமல் தும்மினாராம். தும்மி முடித்ததும் போகச் சொல்லிவிட்டாராம்.

எண்ணெய்தான் இல்லை. வியாழக்கிழமை வேலை முடிந்து வரும்போது வீட்டுக்காரர் வாங்கி வருவதாகச் சொன்னார். அன்று எனக்கு இரவு ஷிஃப்ட். வெள்ளி காலை வந்து பார்த்தால் சமையல் மேடையில் ஒரு பாட்டில். எண்ணெய் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது.

“என்னங்க இது?”

“நல்லெண்ணெ. சிராங்கூன் ரோட்டுல நம்மாளு கடைய மூடிட்டான். கீழ சீனன் கடையில வாங்கினேன். எள்ளுப் படம் போட்டிருக்கு பாரு.”

திறந்து மோந்தேன். நூடுல்ஸ் கடை வாசனை.

“எள்ளுதாங்க. வறுத்த எள்ளு. அவங்க குழம்புல ரெண்டு சொட்டு ஊத்தற எண்ணெ இது.”

“வறுத்தா இன்னா, எள்ளு எள்ளுதான?”

“வறுத்தா சூடு இல்லீங்களா?”

அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாது லா” என்றார். முகம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

கடை திறக்கும் வரை காத்திருக்கலாம். ஆனால் அவர் அதற்குள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். நான் இரவெல்லாம் முழித்து வந்தவள், உட்கார்ந்தால் சாய்ந்துவிடுவேன். சரி என்று அதையே ஊற்றி, ரெண்டு மிளகு போட்டுக் காய்ச்சினேன்.

5

எண்ணெய்க் குளியலைத் தனியாகச் செய்ய முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. உச்சியில் வைத்துத் தேய்க்க ஒரு ஆள் வேண்டும், தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் வேண்டும். ஊரில் ஆள் இருந்ததால் அது தெரியவில்லை.

கவிதாவைக் கூப்பிட்டேன். பள்ளி விடுமுறை. டிவியை விட்டு மனசில்லாமல் வந்தாள். கவிழ்த்த வாளியில் நான் உட்கார்ந்தேன். அவள் ஒரு விரலால் எண்ணெயைத் தொட்டு என் தலையில் வைத்தாள், பொட்டு வைக்கிற மாதிரி.

“கை முழுக்க ஊத்திக்கினு அடிச்சித் தேய்டி.”

“பெயின் ஆவாதா?”

“ஆவட்டும்.”

தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே பிடித்துப் போயிற்று. தட்ட ஆரம்பித்தாள். அம்மா அளவுக்கு இல்லை. ஆனால் அந்த வழிதான். “ம்மா, யு ஸ்மெல் லைக் நூடுல்ஸ்” என்று சிரித்தாள். வெந்நீர் வைக்க அண்டா இல்லை. கெண்டியில் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து இன்னொரு வாளியில் கலந்து, மறுபடி கொதிக்கவைத்துக் கொண்டுவந்து, வீட்டுக்காரர் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். சீயக்காயைப் போட்டுவிட்டு, கண்ணை மூடச் சொல்லக் கவிதாவுக்குத் தெரியவில்லை. எரிந்தது. எரியட்டும் என்று இருந்தேன்.

அவர் கிளம்பும்போது கவிதாவிடம் கறாராகச் சொன்னார். “பாப்பா, அம்மா தூங்கக் கூடாது. தூங்குனா சூடு ஏறிடும். நாளைக்கு டெஸ்ட்டு போயிடும். நீதான் பாத்துக்கணும்.”

“ஓகே” என்றாள்.

6

கவிதா பள்ளியில் பிரிஃபெக்ட். பேசுகிற பிள்ளைகளின் பெயரை எழுதிக் கொடுக்கிற வேலை. அதைச் செய்கிற முகத்தோடு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

ரசம் சோறு உள்ளே போயிருந்தது. தலை லேசாக இருந்தது. இரவு முழுக்க முழித்த உடம்பு. பதினோராம் மாடி. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு சத்தம் இல்லை.

“ம்மா, கண்ண தொற.”

“தொறந்துதான் இருக்கு.”

“ஹாஃப்தான் இருக்கு.”

எழுப்பி வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். ரெண்டு பேரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தோம். பழைய பேப்பர் வாங்குகிறவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் போன பிறகு பார்க்க ஒன்றும் இல்லை. திரும்ப வந்து உட்கார்ந்தோம். என் கழுத்து சாய்ந்தது. அவள் முழங்காலில் தட்டினாள்.

“ஊர்ல நீ எப்டி தூங்காம இருந்த?”

சந்தைப் பற்றிச் சொன்னேன். குதிரை, பஸ், எதிர்வீட்டு அம்மா. அந்த அம்மா மாதிரிப் பேசிக் காட்டினேன். கவிதா சிரித்தாள். இவ்வளவு நேரம் அவள் நெவர்மைண்ட் சொல்லவில்லை என்று கவனித்தேன்.

“சும்மாவே உக்காந்திருப்பீங்களா?”

“சும்மா எங்க? மல்லாட்ட ஒடைப்போம்.”

“வாட் இஸ் மல்லாட்ட?”

“பீநட்.”

“அவ்ளோ பீநட் யார் சாப்புடுவா?”

“சாப்புட இல்லடி. மண்டிக்காரர் மூட்ட மூட்டயா போட்டுட்டுப் போவாரு. சாயங்காலம் வண்டி வரசொல்ல ஒடச்சி வெச்சிருக்கணும். அது கூலி வேல.”

“எண்ணெ தேச்ச டேலயுமா?”

“அன்னைக்கும்தான்.”

கவிதா நெற்றியைச் சுருக்கினாள். கணக்குப் போடும்போது அப்படித்தான் சுருக்குவாள்.

“அப்போ அது ரெஸ்ட் டே இல்ல.”

நான் முடியின் ஈரத்தைத் துண்டால் ஒற்றினேன்.

“நீங்க ஃபோர் கேர்ள்ஸும் தூங்கிட்டா யார் ஒடைப்பாங்க? அதான் உங்கம்மா தூங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது. வெந்நீரில் குளித்து, சோறு தின்ற நான்கு பெண்கள். படுத்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்போம். மூட்டை அப்படியே கிடக்கும். அதற்காகத்தான் அம்மா சொன்னாளா, அல்லது அவளுக்குச் சொன்னதை அவள் எங்களுக்குச் சொன்னாளா, தெரியாது. அவளும் ஒரு வெள்ளிக்கிழமைகூடப் படுத்ததில்லை. அது மட்டும் தெரியும். சூடு என்பதும் பொய்யாக இருக்காது. இத்தனை வருடத்தில் இதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

“இங்கதான் மல்லாட்ட இல்லியே” என்றாள் கவிதா. “ஸோ யு கேன் ஸ்லீப்.”

“அப்பா கேட்டா?”

“நான் பர்மிஷன் குடுத்தேன்னு சொல்றேன்.”

தரையில் பாயைப் போட்டாள். ஈரத்துக்குத் துண்டை மடித்து வைத்தாள். கண் சிவக்குமோ, நாளைக்குப் போய்விடுமோ என்று ஒரு பயம் இருந்தது. அது உடம்பு சாயும் வரைதான் இருந்தது.

எழுந்தபோது வீட்டில் விளக்குப் போட்டிருந்தது. வீட்டுக்காரர் சட்டையைக் கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

“என்னாடி இது, எவ்ளோ நேரமா தூங்கறா? உன்ன எதுக்கு உக்கார வெச்சேன்?”

“நான்தான்பா தூங்கச் சொன்னேன்” என்றாள் கவிதா. நாற்காலியை விட்டு எழவில்லை. மடியில் ஒரு புத்தகம். டிவி போடவில்லை. பகலெல்லாம் அங்கேயே இருந்திருக்கிறாள்.

“சொல்லிட்டாங்கப்பா பெரிய டாக்டரு. நாளைக்குக் கண்ணு செவந்து நிக்கப் போவுது, அப்பத் தெரியும் உங்க ரெண்டு பேருக்கும்” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். இன்னொரு தடவை ரசம் கொதிக்கிற வாசனை வந்தது. மிளகை அள்ளிப் போட்டிருந்தார். குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மறுபடி படுத்தேன். காலை வரை தூங்கினேன்.

7

சனிக்கிழமை கண்ணாடியில் பார்த்தேன். கண் சிவக்கவில்லை. முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. அது தூக்கத்தால்.

கம்பெனியில் ஒரு நர்ஸ் வந்திருந்தாள். எங்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். எனக்கு முன்னால் ஒரு மலாய்ப் பெண். அவள் வெளியே வரும்போது யாரையும் பார்க்கவில்லை.

சுவரில் எழுத்து. வலது கண், இடது கண். வாசித்தேன். கடைசி வரியில் ஒரு எழுத்தில் தயங்கினேன். நர்ஸ் சீட்டில் ஏதோ குறித்தாள். பிறகு மைக்ராஸ்கோப்பில் ஒரு சில்லை வைத்து, இதில் எத்தனை கம்பி, எண்ணிச் சொல் என்றாள்.

கண் வைத்தேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு கம்பியாகத் தெரிந்தது. பக்கத்தில் நிழல் இல்லை. எண்ணிச் சொன்னேன். இன்னொரு தடவை எண்ணச் சொன்னாள். அதே எண்ணிக்கையைச் சொன்னேன். சீட்டில் முத்திரை குத்தினாள். ஒரு மணிக்கு ஒரு தடவை கண்ணை எடுத்துத் தூரத்தில் பார்க்க வேண்டும், தூங்க வேண்டும் என்றாள். எஸ் என்றேன்.

மிஸ் லிம் வாசலில் நின்றிருந்தாள். சீட்டைப் பார்த்துவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு ஒரு நடை வந்தாள். “எலிஃபன்ட் வெரி க்ளீன்” என்றாள். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

எண்ணெயா, தூக்கமா, ரசமா, எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் ரசம் என்கிறார். சீன எண்ணெயும் நல்லெண்ணெய்தான் என்று இப்போது துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை எழுதி அக்காவுக்குத்தான் அனுப்பப் போகிறேன். அவள் அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது, நான் தூங்கின இடத்தை விட்டுவிட்டுப் படிக்கட்டும். அல்லது அதையும் படிக்கட்டும். அம்மா என்ன சொல்கிறாள் என்று எழுதட்டும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கவிதா கதவைத் திறந்தாள்.

“பாஸா?”

“பாஸ்.”

“பேக்கிங் இல்ல?”

“இல்ல.”

“அப்போ மண்டே?”

“பகல் ஷிஃப்ட்.”

திங்கட்கிழமை அவளுக்குப் பள்ளி திறக்கிறது. பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஸ்கூல் விட்டு நான் வரசொல்ல நீ வீட்ல இருப்பியா?”

“இருப்பேன்.”

“அப்போ இது வேணாம்” என்று, என் இரவு வாரத்தில் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகும் வீட்டுச் சாவியைப் பையிலிருந்து எடுத்து, கயிற்றோடு என் கையில் கொடுத்தாள்.